அந்த அறுநூறு மில்லி

பெட்ரோலைப் பற்றிக் கருத்து எதுவும் இல்லாத மனிதர் ஒரே ஒருவரைத்தான் அவள் தன் பத்தொன்பது வருட வேலையில் பார்த்திருக்கிறாள். அவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். மற்ற எல்லோருக்கும் கருத்து உண்டு. எத்தனால் கலந்ததைப் போட்டால் இழுவை போய்விடும் என்பார் ஒருவர். விலை கூடிய பிரீமியத்தை ஊற்றினால் வண்டி பறக்கும், நானே பறந்திருக்கிறேன் என்பார் இன்னொருவர். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, வாயை நன்றாகத் திறக்கச் சொன்ன டாக்டர், எத்தனால் ரப்பர் குழாயைத் தின்றுவிடுமாமே என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

அவள் வேலை கருத்துச் சொல்வது அல்ல, நிறுப்பது. நகரத்துக்கு வெளியே, லாரிகள் திரும்பும் முனையில், தகரக்கூரை போட்ட வாகனச் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியின் சொந்த டேங்க்கை அடைத்துவிட்டு, டிக்கியில் தனியாக ஒரு சின்ன அலுமினிய டேங்க் வைப்பார்கள். காலையில் அவள் அதைத் தராசில் வைத்து எடை பார்த்து, குழாய்களை மாட்டி அனுப்புவாள். மாலையில் கழற்றி மறுபடி நிறுப்பாள். குறைந்த எடைதான் எஞ்சின் குடித்தது. லிட்டர் கணக்கு வெயிலுக்கு உப்பும், குளிருக்குச் சுருங்கும், அதனால் கிராம். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் கிராம் அக்கா. தன் எடையை மட்டும் அந்த அக்கா ஒருநாளும் பார்க்க மாட்டாள் என்று பின்னால் சிரிப்பார்கள். அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது.

இந்தத் தடவை நானூறு கார்கள் வைத்திருக்கும் வாடகை வண்டி நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நல்லதா, பிரீமியம் நல்லதா? இழுவை எப்படி, மைலேஜ் எப்படி? ஒரே மாதத்தில் வெளிவந்த இரண்டு வெள்ளைக் கார்களைக் கொடுத்திருந்தார்கள். எத்தனால் வண்டியின் கதவில் நீல நாடா ஒட்டினாள். பிரீமியத்துக்குச் சிவப்பு. தினமும் இரண்டும் ஒரே பாதையில் நூற்று அறுபது கிலோமீட்டர் ஓட வேண்டும். முப்பது நாள் ஓட்டம். பத்து நாளுக்கு ஒருமுறை ஓட்டுநர்கள் வண்டி மாறிக்கொள்வார்கள். ஒருவர் காலின் அழுத்தம் ஒரு பெட்ரோலுக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாது, அதற்காக.

நீலத்தில் முதலில் ஏறியது அவள் கணவர். கூடத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்து அனுப்பினால், மாலையில் அதை அப்படியே எடுத்துக் குடிக்கலாம் என்பார்கள். சிவப்பில் ஏறியவனுக்கு ஹாரன் என்று பெயர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, வாய் ஓயாது. இருந்தும் ஓட்டுவதில் சுத்தமானவன். நிதானத்தை அண்ணே என்பான், அவளை அக்கா என்பான், ஆக அவர்கள் இரண்டு பேரும் தனக்கு என்ன உறவு என்று தானே குழம்புவான்.

முன்பெல்லாம் அந்தக் குழப்பத்துக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பதுண்டு. பதினான்கு மாதமாக வீட்டில் அந்த மாதிரிச் சத்தம் எதுவும் இல்லை. மகள் போன பிறகு அவர்கள் பேசுவதெல்லாம் உப்பு போதுமா, கதவைப் பூட்டியாச்சா, தண்ணி மோட்டாரை நிறுத்தினியா என்கிற அளவில்தான். சண்டை கிடையாது. சண்டை இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்கே பல நாள் தோன்றியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்கு வந்தார்கள், ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். அவள் டேங்க்கை மாட்டினாள், அவர் ஓட்டினார்.

முதல் பத்து நாள் முடிந்தபோது நீல வண்டி சிவப்பைவிடப் பன்னிரண்டு சதவீதம் மோசமாக இருந்தது. ஹாரனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அப்போதே சொன்னேனா இல்லையா, எத்தனால் என்றால் பச்சைத் தண்ணீர் என்று கூடம் முழுக்க முழங்கினான். அவளுக்கு மட்டும் உறுத்தியது. எத்தனாலில் சூடு குறைவு, அதனால் மைலேஜும் குறையத்தான் செய்யும். ஆனால் இருபது சதவீதக் கலப்புக்கு ஐந்து குறையலாம், ஆறு குறையலாம். பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? இழுவையிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அதை ஹாரனிடம் சொன்னால் அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு ஓட்டுநர்கள் மாறினார்கள். ஹாரன் நீலத்துக்குப் போனான், அவள் கணவர் சிவப்புக்கு. அடுத்த பத்து நாள் இரண்டு வண்டியும் ஒரே அளவு குடித்தன. வித்தியாசம் சுத்தமாக இல்லை. ஹாரன் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எத்தனாலை ஊரெல்லாம் திட்டிவிட்டு இப்போது அதையே ஓட்டி நல்ல மைலேஜ் எடுத்துக்கொண்டிருந்தான் பாவம்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எப்போதும் வயிற்று வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்திருப்பார். பத்து நாள் கெட்டுப்போயிருந்த பெட்ரோல் பதினோராம் நாள் எப்படித் திருந்தியது என்று கேட்டார். தராசைப் பார்த்தீர்களா என்றும் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடத்தில் அவள் தராசை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. அன்றே படிக்கற்களை வைத்துச் சோதித்தாள், ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. இரண்டு வண்டியிலும் குழாய், பூட்டு, வாஷர் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்தாள். எங்கும் கசிவு இல்லை.

தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குறை பெட்ரோலோடு போகவில்லை. வண்டியோடும் போகவில்லை. தன் கணவரோடு போயிருந்தது. அவர் எந்த வண்டியில் ஏறினாலும் நாளொன்றுக்கு நானூற்று ஐம்பது கிராம் கூடுதலாகக் காணாமல் போயிற்று. அறுநூறு மில்லி. ஒரு தண்ணீர் பாட்டிலில் அடங்கிவிடும்.

பாட்டில் என்று நினைத்த உடனே மனசு போகக் கூடாத இடத்துக்குப் போனது. அன்று வீட்டில் துணி துவைக்கும்போது அவர் சட்டையில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தாள். அவர் குளிக்கப் போனதும் பையைத் திறந்தாள். உள்ளே சாப்பாட்டு டப்பா, துண்டு, கண்ணாடிக் கூடு. கடையில் மருந்துப் பொட்டலத்தோடு கூடுதலாக ஒரு ரப்பர் பேண்ட் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். அவர் பையைத் திருடியைப் போலத் துழாவிக்கொண்டிருந்த தன்னை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. டப்பாவைக் கழுவி வைத்தாள். கேட்கவில்லை. கேட்கிற பழக்கம்தான் அந்த வீட்டில் விட்டுப்போயிருந்ததே.

மறுநாள் காலை மேலாளர் முடிவாகச் சொன்னார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி உண்டு. வினாடிக்கு வினாடி வேகம், எஞ்சின் சுற்று, இடம் எல்லாம் அதில் பதிவாகும். வழக்கமாக அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாலையில் அது கொடுக்கும் ஒற்றைத் தாளோடு சரி. எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஃபைல், அவ்வளவுதான் அதில் இருக்கும். சாவியைத் திருப்பினால் ஒரு ஃபைல் தொடங்கும், அணைத்தால் முடியும். காலை ஓட்டத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஆக நாளுக்கு இரண்டு. அந்தப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள் என்றார் மேலாளர். ஓட்டுநர் யாராவது விளையாடியிருந்தால், யாராக இருந்தாலும் வேலையில் வைத்திருக்க முடியாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேனா மூடியைப் பார்த்தார்.

இரண்டு வண்டிகளும் வெளியே போயிருந்தன. அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு முந்தைய நாட்களின் பதிவைத் திரையில் விரித்தாள். ஹாரனுடையதில் ஒன்றும் இல்லை. கணவருடையதில் மதியச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. எல்லா நாளும் அப்படியே. பிறகு மூன்று நாற்பத்தாறுக்கு வேகம் பூஜ்யம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே முப்பத்தெட்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் வண்டி கிளம்பி, வழக்கமான நேரத்துக்குக் கூடத்துக்கு வந்திருந்தது. இருபது நாளும் அதே நேரம், அதே இடம்.

இடத்தைக் குறிக்கும் எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போட்டாள். மகள் படித்த பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வந்து நின்றது.

அவர் ஏன் எஞ்சினை அணைக்கவில்லை என்பதும் அந்த நொடியில் புரிந்துவிட்டது. அணைத்தால் ஃபைல் மூன்றாகிவிடும். மாலைத் தாளில் மூன்று என்று இருந்தால் முதலில் பார்க்கப் போகிறவள் அவள். சாப்பாட்டு நேரத்தைத் திருடி இதில் போட்டால் நேரமும் சரியாகிவிடும். ஆக அவர் மறைத்தது கம்பெனியிடமிருந்து அல்ல, அவளிடமிருந்து. தராசுக்காரியோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர், ஃபைலை எண்ணியிருக்கிறார், நேரத்தை எண்ணியிருக்கிறார், எடையை மட்டும் மறந்துவிட்டார். நின்றுகொண்டிருக்கிற வண்டி என்ன பெரிதாகக் குடித்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார். பெட்ரோலைப் பற்றித்தான் அவர் ஒருநாளும் யோசித்ததில்லையே.

அவளுக்கு அழுகை வரவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதே பாதையில் இன்னொரு ஓட்டம் நடந்தது. அப்போது சாதாரணப் பெட்ரோலுக்கும் பிரீமியத்துக்கும் போட்டி. கடைசி நாள். பிற்பகல் மூன்றரைக்குப் பள்ளி அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஃபோன் வந்தது. உங்கள் மகளுக்குத் தலைவலி, வகுப்பில் உட்கார முடியவில்லை, யாராவது வந்து அழைத்துப்போக முடியுமா என்றார்கள். மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். பதின்மூன்று வயது. பரீட்சை நெருங்கினால் தலைவலி வரும், வயிற்று வலி வரும், ஒருதடவை முழங்கால் வலிகூட வந்திருக்கிறது. அவள் கணவருக்கு ஃபோன் போட்டாள். அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் பேசினார். பள்ளிக்கூடம் பத்து நிமிட தூரம், போகிற வழியில்தான் இருக்கிறது, நிறுத்தி ஏற்றிக்கொள்ளட்டுமா என்றார்.

"வேணாங்க," என்றாள் அவள். "இன்னைக்குக் கடைசி நாள். நடுவுல நின்னா ரீடிங் போயிடும். பஸ்ல வந்துடச் சொல்றேன்."

நிற்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. நின்றால் ஒரு படிவத்தில் காரணம் எழுத வேண்டும், அன்றைய ஓட்டம் செல்லாது, இன்னொரு நாள் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு நாள். அவர் நிற்கவில்லை. வாண்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வாந்தி எடுத்தாள், விளக்கைப் பார்க்க முடியவில்லை என்றாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். சில மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவள் டாக்டரைக் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அதோடு எப்படியாவது மல்லுக்கட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கணவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. வண்டியப் பாத்துட்டுக் கை தூக்கினா," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவள்தான் அந்த ஓட்டத்தின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடைசி நாள் ரீடிங் அருமையாக வந்திருந்தது. பிரீமியம் ஒரு சதவீதம் மேலே. அளவில் வரக்கூடிய பிழையே ஒன்றரை சதவீதம். ஆகவே வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று அறிக்கை முடிந்தது. அதே இரண்டு வார்த்தை. அந்த எஞ்சினுக்கு எதை ஊற்றினாலும் ஒன்றுதான். இல்லாத ஒரு வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் அவள் பிள்ளையைப் பஸ்ஸில் வரச் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். மாலைக்குள் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். தராசில் பிழை என்று சொல்லிவிடலாம். அவள் பேர் கெடும், அவர் வேலை மிஞ்சும். அப்படியும் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். என்ன காரணம் சொன்னோம் என்று வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

கூடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் வீடு. வீட்டு முனையிலிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ். வாண்டு தினமும் போய்வந்த அதே பஸ்கள். மகள் போன பிறகு அவள் அவற்றில் ஏறியதில்லை. முதல் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக் போடும்போது முன்னால் இருக்கிறவர் முதுகில் நெற்றி இடித்தது. தலைவலியோடு ஒரு பிள்ளை இதில் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அதை மட்டும்தான் நினைத்தாள். மாறும் இடத்தில் இரண்டாவது பஸ்ஸுக்கு அரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. நிழற்குடையில் இருந்த ஒரே பெஞ்சின் கால் உடைந்திருந்தது.

மூன்று நாற்பதுக்குப் பள்ளியின் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தாள். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை ஒன்று இருந்தது, அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். பதிவில் இருந்த அதே நேரத்துக்கு, அன்று மறுபடி அவர் கைக்கு மாறியிருந்த நீல நாடா ஒட்டிய கார் வந்து, மதிலோரம் மரத்தடியில் நின்றது. எஞ்சின் அணையவில்லை. பின்னால் புகைக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

அவர் இறங்கவில்லை. மடியில் டப்பாவைத் திறந்து, காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அப்போதுதான் சாப்பிட்டார். அவசரமாக நாலு வாய், அவ்வளவுதான். மூடி வைத்தார். பள்ளி மணி அடித்தது. அவர் உடனே பக்கவாட்டில் சாய்ந்து, பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டையும் டப்பாவையும் எடுத்துப் பின்னால் போட்டார். கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்தார்.

பிள்ளைகள் திபுதிபுவென்று வெளியே வந்தார்கள். பையால் ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். சைக்கிளை மாற்றி எடுத்துக்கொண்டு ஓடினான் ஒருவன். காருக்கு முன்னாலும் பின்னாலும் புகுந்து போனார்கள். யாரும் அந்தக் கதவைத் தொடவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்தது. கடைசியாக இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். பிறகு காவலாளி வந்து ஒரு பக்கக் கதவைச் சாத்தினார்.

அவள் தெருவைக் கடந்தாள். பூட்டு திறந்திருந்த கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

அவர் திடுக்கிடவில்லை.

"எப்படி வந்த?"

"பஸ்லதான். ரெண்டு பஸ் மாறி."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம்."

"உக்கார இடம் கெடச்சுதா?"

அவர் கேட்டது அவளைப் பற்றி அல்ல. அது இரண்டு பேருக்கும் தெரியும். பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவரிடம் அளவைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

"மொத பஸ்ல கெடைக்கல. ரெண்டாவதுல கெடச்சுது."

அவர் தலையாட்டினார். இரண்டாவதில் கிடைத்தது என்பதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர் மாதிரி இன்னொரு தடவை ஆட்டினார். எஞ்சின் முனகிக்கொண்டே இருந்தது. இருபது நாளாக ஒரு கிராம் இரண்டு கிராம் என்று அவள் தேடித் தேடி அலைந்தது இந்தச் சத்தத்தைத்தான்.

"நான்தான் நிக்க வேணாம்னு சொன்னேன்," என்றாள். பதினான்கு மாதமாகச் சொல்லாதது வெளியே வந்தபோது மிகவும் சாதாரணமாக இருந்தது. "நீங்க ஒரு வார்த்தை திட்டல."

காவலாளி இரண்டாவது கதவையும் இழுத்துச் சாத்தினார். சங்கிலி போடும் சத்தம் கேட்டது.

"எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு," என்றார். "நீ ஃபோன்லதான் சொன்ன. அவ கை தூக்கினதப் பாத்தது நான். பிரேக் என் காலுக்கு அடியிலதான இருந்துச்சு. உன்னைத் திட்டிட்டா எனக்கு பாரம் கொறஞ்சிடும். கொறையக் கூடாதுன்னு இருந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, வீட்டில் உறவுக்காரர்கள் நடுவில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் அவள் தோளைத் தொடவில்லை, ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பின்னால் கிடந்த துண்டை எட்டி எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு அவரும் கண்ணாடியைக் கழற்றினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவள் கையை நீட்டிச் சாவியைப் பிடித்தாள்.

"ஃபைல் மூணாயிடும்," என்றார் அவர்.

"ஆகட்டும்."

திருப்பினாள். எஞ்சின் நின்றது. மரத்தில் பறவைச் சத்தம், மைதானத்தில் எங்கோ ஒரு பந்தை உதைக்கும் சத்தம், எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன. ஐந்து மணி வரைக்கும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மேலாளரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஓட்டத்தில் வைத்திருக்க முடியாது என்றார், அது நியாயம்தான். நிதானம் மறுநாளிலிருந்து கூடத்துக்குள்ளேயே வண்டிகளை நகர்த்தி வைக்கும் வேலைக்குப் போனார். இருபது நாள் அளவும் செல்லாது என்று முதலிலிருந்து ஓட்டினார்கள். வேறொரு ஓட்டுநர் வந்தார். நீலம் மைலேஜில் சிவப்பைவிட ஐந்தே முக்கால் சதவீதம் குறைவாகவும், இழுவையில் ஒரு மயிரிழை கூடுதலாகவும் வந்தது. முதல் நாளே அவள் மனசில் போட்டிருந்த கணக்குதான். ஹாரன் இனி பெட்ரோலைப் பற்றிப் பேசுவதில்லை என்று சபதம் செய்து, அதை ஒரு வாரம் காப்பாற்றினான்.

செல்லாத நாட்களின் தாள்களையும் கோப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. கடைசித் தாளில் ஃபைல்கள் மூன்று என்று அச்சாகியிருந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வண்டி ஏன் நின்றது என்று படிவத்தில் எழுத வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் அவள் பார்த்ததெல்லாம் பஞ்சர், ரயில்வே கேட், போலீஸ் சோதனை. பேனாவை எடுத்து, ஓட்டுநர் பெயருக்கு நேராக, நின்ற இடம் பள்ளிக்கூடம், பின்வாசல் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: மகளை ஏற்றிக்கொள்ள.